கூடாரத் துணியில் பிடிப்பு: தையல் மெஷின் இல்லாமல் எதுவரை போகலாம்?

ஆத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் மக்காச்சோளம், மரவள்ளி, மஞ்சள் எல்லாமே வெயிலை நம்பித்தான் காய்கின்றன. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசி காய்வதும் திறந்த சிமெண்ட் களத்தில்தான். சித்திரை, வைகாசியில் மத்தியானம் வரை சுட்டெரித்துவிட்டு, சாயங்காலம் திடீரென்று புழுதிக் காற்றோடு கோடை மழை இறங்கும். அப்போது களத்தை மூட ஓடுகிறவர் கையில் இருப்பது தார்ப்பாய். வடக்கே கல்வராயன், தெற்கே பச்சமலை என்று இரண்டு மலைகளுக்கு நடுவே கிடக்கிற இந்தச் சமவெளியில் இப்போது இன்னொரு கூட்டமும் தார்ப்பாயும் கித்தானும் தேடுகிறது. மலையடிவாரத்தில் கூடாரம் போட்டு ஓரிரவு தங்க ஆசைப்படும் இளைஞர்கள்தான் அவர்கள்.

களத்துக்காரருக்கும் கூடாரக்காரருக்கும் தொல்லை ஒன்றே. ஓரத்து ஐலெட் பிய்ந்துபோகிறது. கயிறு கட்ட இடமில்லை. கதவு மடிப்பு காற்றில் அடித்துக்கொள்கிறது. அதற்கு ஒரு பட்டன் வேண்டும். கூடாரத்துக்கு முன்னால் நிழலுக்கு ஒரு துண்டுத் துணி இழுத்துக் கட்ட வேண்டும். சட்டை தைக்கிறவரிடம் கொண்டுபோனால் அவர் கையெடுத்துக் கும்பிடுவார். நாலு மடிப்புக் கித்தானை வீட்டு மெஷினில் கொடுத்தால் ஊசி உடையும் என்பது அவருக்குத் தெரியும். லாரித் தார்ப்பாய் தைக்கிறவர்களோ பெரிய வேலைகளில் மூழ்கியிருப்பார்கள்; ஒரே ஒரு பட்டனுக்காக அவர்களைத் தேடிப் போக முடியாது. ஆகவே கையாலேயே, வீட்டுத் திண்ணையிலேயே எதுவரை செய்துகொள்ளலாம் என்ற கேள்வி எழுகிறது. என் பதில்: பெரும்பாலும் எல்லாமே செய்துகொள்ளலாம். அதற்கு முதலில் எந்தப் பிடிப்பானை வாங்குவது என்று யோசிப்பதை விட்டுவிட்டு, துணி எந்தப் பக்கம் இழுபடும் என்று பார்க்கப் பழக வேண்டும். ஐலெட் உடைந்து நான் பார்த்தது அபூர்வம். அதைச் சுற்றியிருக்கும் துணிதான் எப்போதும் கிழிகிறது.

எவ்வளவு இழுவை என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் துணியை நேருக்கு நேர் மோதும்போது ஏறத்தாழ 6 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்காகும். 72 கிலோமீட்டரில் அது 24 கிலோவைத் தாண்டும். 4 மீட்டருக்கு 3 மீட்டர் துணியை எடுத்துக்கொண்டால் பரப்பு 12 சதுர மீட்டர். கோடை மழைக்கு முன்னால் வருகிற அந்த ஒரு சுழற்றலில் மொத்தம் 290 கிலோ அளவுக்கு இழுவை. மீட்டருக்கு ஒன்று வீதம் சுற்றிலும் 14 ஐலெட் இருந்தால், சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 20 கிலோவுக்கு மேல். ஆனால் காற்று ஒருநாளும் சமமாகப் பங்கிடாது. மூலையில் இருப்பதுதான் முதலில் வாங்கிக்கொள்ளும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிவைத்த ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அடுத்து, கையில் இருப்பது என்ன துணி என்று தெரிந்திருக்க வேண்டும். பருத்திக் கித்தானை ஊசியால் குத்தலாம், பசை உறிஞ்சும், நனைந்தால் இழை உப்பித் துளையைத் தானே ஓரளவு அடைக்கும். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடித்து இற்றுப்போகும். நீலமும் மஞ்சளுமாக எல்லா வேளாண் கடைகளிலும் தொங்குகிற எச்.டி.பி.இ. தார்ப்பாய் பாலித்தீன் இழையில் நெய்து மேலே பூச்சுக் கொடுத்தது. வெயிலில் கிடந்து கிடந்து பொடியாக உதிரும், எந்தப் பசையும் அதில் ஒட்டாது. திருவிழா முடிந்ததும் கழற்றிக் கூரைமேல் போடுகிறார்களே, அந்த ஃப்ளெக்ஸ் பேனர் பி.வி.சி. பூசியது, சூடு வைத்தால் தன்னோடு தான் உருகி ஒட்டும். நான்காவது, மலையேறுகிறவர்கள் முதுகில் சுமக்கும் மெல்லிய நைலான் அல்லது பாலியஸ்டர் கூடாரம். இந்த நாலுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. கடையில் விற்கும் பழுதுபார்க்கும் பொட்டலங்கள் பலவும் எல்லாத் துணிக்கும் ஆகும் என்று சொல்வதால்தான் பலர் கெட்டுப்போகிறார்கள்.

எல்லாவற்றிலும் எளிய முறை துணியைத் தொடாமலே கட்டுவது. மூலையிலிருந்து ஒரு சாண் உள்ளே, துணியின் அடிப்பக்கம் ஒரு வழவழப்பான கூழாங்கல்லை வைத்து, துணியை அதன்மேல் போர்த்தி, கல்லின் கழுத்தில் கயிற்றைச் சுருக்குப் போட்டு இழுத்துவிட்டால் போதும். இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகும். கல் வெளியே வராது. துளை இல்லை, ஊசி இல்லை, ஓர் இழைகூட அறுபடவில்லை. இழுவை ஒரு புள்ளியில் விழாமல் கல்லைச் சுற்றியுள்ள துணி முழுவதற்கும் பரவுகிறது. வசிஷ்ட நதிப் படுகையில் பொறுக்கிய கல்லாக இருந்தாலும் விளிம்பு கூராக இருக்கக் கூடாது. என் விருப்பம் கல் அல்ல, மணி உதிர்த்த மக்காச்சோளச் சக்கையில் மூன்று விரற்கடை நீளம் நறுக்கிய துண்டு. எடை குறைவு, காற்றில் அவிழ்ந்து பறந்தாலும் யார் தலையையும் உடைக்காது. பழைய டென்னிஸ் பந்து கிடைத்தால் அது இன்னும் நல்லது. வெளிநாட்டு முகாம்காரர்கள் இதே வேலைக்குப் பிளாஸ்டிக்கில் பலவிதக் கவ்விகள் விற்கிறார்கள். பல்லுள்ள கவ்வி மெல்லிய துணியைக் கடித்துக் கிழிப்பதை நான் பார்த்திருக்கிறேன். பிய்ந்த ஐலெட்டின் இடத்தில் எச்.டி.பி.இ. தார்ப்பாய்க்குக் கல்சுருக்கைத் தவிர வேறெதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வெயிலில் இற்ற துணியில் புது ஐலெட் அடித்தால் அடுத்த காற்றுக்கே பக்கத்தில் கிழியும்.

இதன் குறை என்ன? துணி அந்த இடத்தில் சுருங்கி மடிகிறது, மழைநீர் தேங்கும். கதவு போல மறுபடி மறுபடி திறந்து மூடுகிற இடத்துக்கும் ஆகாது. அங்கேதான் ஐலெட் வருகிறது.

ஐலெட்டில் இரண்டு பாகம்: கழுத்துள்ள ஒன்று, தட்டையான வளையம் ஒன்று. கழுத்துப் பாகம் துணியின் வெளிமுகத்திலிருந்து துளைக்குள் நுழைந்து உள்பக்கம் எட்டிப் பார்க்கும்; அதன்மேல் வளையத்தை வைத்து, இரும்புப் பஞ்ச்சை நிறுத்திச் சுத்தியலால் அடித்தால் கழுத்து மலர்ந்து வளையத்தைக் கவ்வும். இவ்வளவுதான் வேலை. ஆனால் பெரும்பாலோர் தப்பு செய்வது அடிக்கும்போது அல்ல, அதற்கு முன்னால் துளை போடும்போது. கழுத்தின் அளவுக்கே துளை வெட்டினால் இழுபட்டதும் துளை விரிந்து வளையம் கழன்று கையோடு வந்துவிடும். துளை கழுத்தைவிடச் சற்றுச் சிறிதாக, கழுத்தைத் திணித்து ஏற்றும்படி இருக்க வேண்டும். ஒற்றைத் துணியில் ஒருபோதும் அடிக்கக் கூடாது. ஓரத்தை இரண்டு மடிப்பு மடித்து, உள்ளே பழைய சீட் பெல்ட் பட்டைத் துண்டு ஒன்றைச் செருகினால் இழுவை பட்டைக்குப் போகும். பட்டையின் மூலைகளை வட்டமாக நறுக்கிவிட வேண்டும். கூர்மூலை துணியை உள்ளிருந்தே தேய்க்கும். துணி தடித்தால் கழுத்தும் நீளமாக இருக்க வேண்டும் என்பதைக் கடையிலேயே சொல்லி வாங்குவது நல்லது. இல்லாவிட்டால் மலர்வதற்குக் கழுத்தில் உலோகம் மிஞ்சாது.

துளைக்கும்போது அடியில் கறி வெட்டும் புளியங்கட்டை மாதிரி, மரத்தின் வெட்டுமுகம் மேலே பார்க்கும் கட்டையை வைத்துக்கொண்டால் வெட்டு சுத்தமாக விழும். நின்று நிதானமாக இரண்டு மூன்று அடி. வெறிகொண்டு அடித்தால் கழுத்து வெடித்து, அந்த வெடிப்பின் முனையே கயிற்றை அறுக்கும். அடித்து முடித்ததும் விரலால் திருகிப் பார்க்க வேண்டும். சுழன்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பித்தளை துருப்பிடிக்காது, அலுமினியம் மெத்தென்றிருந்தாலும் சின்ன வேலைக்குப் போதும், முலாம் பூசிய இரும்பு மலிவு, ஆனால் முலாம் போனதும் துரு பருத்தியைத் தின்றுவிடும். செயற்கை இழைத் துணியாக இருந்தால் பஞ்ச்சுக்குப் பதில் சூடான சால்டரிங் அயர்ன் முனையால் துளைக்கலாம்; ஓரம் உருகிச் சேர்ந்து இழை பிரியாது. பருத்தியில் இதைச் செய்தால் கருகும்.

சுத்தியல் வேலை கைவராதவர்களுக்கு ஒரு வழி பக்கத்திலேயே இருக்கிறது. பேனர் அடிக்கிற ஃப்ளெக்ஸ் கடைகளில் ஐலெட் அழுத்தும் கைமெஷின் இருக்கும். மடித்து, பட்டை வைத்துத் தயாராகக் கொண்டுபோனால் சில நிமிட வேலை. ஜீப்பின் ஹூட் தைக்கிற குஷன் கடைகளில் இன்னும் கனமான ஐலெட் கிடைக்கும்.

துணியில் ஓர் இழையையும் வெட்டாமல் கண் வைக்கும் முறை ஒன்று உண்டு. பாய்மரக் கப்பல்களின் காலத்திலிருந்தே நிலைத்து நிற்கிறது. துளை வெட்டுவதற்குப் பதில் மொட்டை ஊசியால் இழைகளை ஒதுக்கி வழி செய்கிறார்கள். ஒரு பித்தளை வளையத்தை அந்த வழியைச் சுற்றி வைத்து, தடித்த நூலால் வளையத்தையும் துணியையும் சேர்த்துச் சுற்றிச் சுற்றித் தைக்கிறார்கள். அடித்த ஐலெட் கழுத்தின் பிடியை மட்டும் நம்பியிருக்கிறது. இதுவோ வளையத்தைச் சுற்றியுள்ள எல்லாத் தையலாலும் இழுவையைத் துணிக்குள் அனுப்புகிறது. ஒரு கண்ணுக்கு அரை மணி நேரம் ஆகலாம். நாலு மூலைக்கும் மட்டும் இதைச் செய்து, நடுவில் உள்ளவற்றுக்கு அடித்த ஐலெட்டே போதும் என்று விடுவது நியாயமான பங்கீடு.

கைத்தையல் என்றதும் நம் வீடுகளில் முதலில் எடுப்பது கோணி ஊசி. மூட்டை தைக்க அது சரி. சாக்கின் இழை தளர்ந்தது. நெருக்கமாக நெய்த கித்தானில் அது போடும் ஓட்டை பெரிது, நூல் நிறைக்காது. கித்தானுக்கு ஏற்ற கருவி செருப்புத் தைக்கிறவர் கையில் இருக்கிறது: மரப்பிடியில் செருகிய, நுனியில் சின்னக் கொக்கி வெட்டிய குத்தூசி. மேலிருந்து குத்தி இறக்குவார். அடியில் இடது கை நூலைக் கொக்கியில் மாட்டும். மேலே இழுத்தால் நூல் ஒரு கண்ணியாக வரும். முதல் துளையில் நூலின் பாதி நீளத்தை முழுக்க மேலே இழுத்து வைத்துக்கொள்வார். அடுத்த துளையில் கண்ணி மேலே வந்ததும், ஏற்கெனவே மேலே இருக்கும் நூல்முனையை அதற்குள் நுழைத்து, மேலும் கீழும் ஒரே அளவு இழுத்து இறுக்குவார். இரண்டு நூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று கட்டிக்கொள்ளும். மெஷின் போடும் தையலும் இதே தையல்தான். ஒரு தையல் அறுந்தாலும் வரிசை முழுவதும் அவிழாது. அவரிடம் பத்து நிமிடம் நின்று பார்த்தால் கற்றுக்கொள்ளலாம். மரியாதையோடு கேட்டால் ஊசி எங்கே கிடைக்கும் என்பதையும் அவரே சொல்லுவார். இந்தக் கைத்தொழிலின் நுணுக்கத்துக்குத் தகுந்த கூலியை நாம் அவருக்குக் கொடுப்பதில்லை என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

சென்டிமீட்டருக்கு இரண்டு தையல் போதும். நெருக்கி நெருக்கிக் குத்தினால் பலம் கூடும் என்று நினைத்துத் தபால்தலை ஓரம் போலத் துளைத்துவிடுகிறார்கள்; பிறகு அந்தக் கோட்டிலேயே கிழியும். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். நைலான் பலமானது, ஆனால் இழுபட்டால் நீளும், வெயிலில் பாலியஸ்டரைவிடச் சீக்கிரம் நைந்துபோகும். பருத்தி நூல் நனைந்து உப்பித் துளையை அடைக்கும், ஆனால் மக்கும். எந்த நூலானாலும் தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு முறை உருவி எடுத்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும், முடிச்சு நிற்கும், தண்ணீரும் தள்ளும். பட்டைத் துண்டை வைத்துத் தைக்கும்போது சுற்றிலும் ஒரு சதுரம், அதற்குள் குறுக்காக ஒரு பெருக்கல் குறி. பாரம் தாங்கும் பட்டைகளில் பரவலாகக் காணப்படும் தையல் இது. எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏதோ ஒரு வரிசை நேராக இழுவையை வாங்கும்.

பசையை நம்பி எழுதுகிறவர்கள் அதிகம். தையலே வேண்டாம் என்ற ஆசைக்குப் பசைதான் முதலில் கண்ணில் படும். அனுபவத்தில் சொல்கிறேன்: பசை துணியை இடத்தில் நிறுத்தி வைக்கும் வேலைக்காரன், பாரம் தாங்க அதை அனுப்பக் கூடாது. செருப்புக்கும் ஃபர்னிச்சருக்கும் பயன்படும் செயற்கை ரப்பர் பசை பருத்திக் கித்தானில் நன்றாகப் பிடிக்கும். இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத பக்குவம் வரும்வரை காத்திருந்து, அதன் பிறகு அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டிவிட்டு, பிடிக்கவில்லை என்று குறை சொல்கிறவர்கள் நிறைய. அப்படிச் சரியாக ஒட்டினாலும், சேலம் வெயிலில் கைவைக்க முடியாமல் சுடுகிற துணியில் அது இளகி மெல்ல மெல்ல நகரும். காலையில் ஒட்டிய பட்டை மாலையில் விரற்கடை தள்ளி நிற்கும்.

உடனே ஒட்டும் சயனோ அக்ரிலேட் பசையைப் பருத்தித் துணியில் ஊற்றவே கூடாது. பருத்தியில் பட்டதும் அது சட்டென்று இறுகி, கையைச் சுடும் அளவுக்குச் சூடாகும், புகைகூட வரலாம். இறுகிய பிறகு கண்ணாடி போல நொறுங்கும். மடித்த இடத்தில் துணியையும் சேர்த்து முறிக்கும். பாலித்தீன் தார்ப்பாயில் எந்தப் பசையும் நிற்காது. உடைந்த பக்கெட்டை ஒட்டப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்ததே, இரண்டும் ஒரே குடும்பத்துப் பிளாஸ்டிக். பி.வி.சி. ஃப்ளெக்சுக்குச் சூடான காற்றுத் துப்பாக்கியும் ஓர் உருளையும் போதும். இரண்டு முகமும் மினுமினுக்கும்போது சேர்த்து உருட்டினால் ஒன்றாகிவிடும். அதிகம் சுட்டால் வரும் புகை நெஞ்சுக்குக் கெடுதல், வெட்டவெளியில்தான் செய்ய வேண்டும்.

டிச் பட்டன் 1885-இல் ஜெர்மனியில் ஹெரிபெர்ட் பாவர் என்பவர் காப்புரிமை பெற்றது. நாலு பாகம், இரண்டு ஒரு துணியில், இரண்டு மறு துணியில். இதையும் ஐலெட் போலவே சுத்தியலால் பொருத்தலாம். துணியின் தளத்தோடு பக்கவாட்டில் இழுத்தால் நன்றாக நிற்கும். விளிம்பைப் பிடித்து மேலே உரித்தால் திறக்கும். திறப்பதற்காகவே செய்த குணம் அது. ஆகவே கதவு மடிப்புக்கும் ஜன்னல் மறைப்புக்கும் சரி, கயிறு இழுக்கும் இடத்துக்குச் சரியில்லை. கூரையை இதில் தொங்கவிட்டவர் ராத்திரி நனைவார்.

வெல்க்ரோவின் இயல்பும் இதேதான். சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் 1941-இல் தன் நாயின் ரோமத்திலும் உடையிலும் ஒட்டிய காட்டு விதைகளை உருப்பெருக்கியில் பார்த்து அவற்றின் கொக்கிகளைக் கண்டார். 1955-இல் காப்புரிமை வாங்கினார். கல்வராயன் அடிவாரப் பாதையில் வேட்டி நுனியில் நாயுருவி ஒட்டிக்கொள்வதும் இதே தந்திரம்தான். அந்த நாயுருவியும் ஒட்டுப்புல்லும் மணலும் வெல்க்ரோவின் கொக்கிகளுக்குள் அடைந்து ஒரு பருவத்தில் அதை மழுக்கிவிடும். கெட்டியான பிரஷ்ஷால் அடிக்கடி தட்டி எடுக்க வேண்டும். பின்னால் பசை தடவி விற்கும் வெல்க்ரோவை மெழுகு பூசிய கித்தானில் ஒட்டிப் பயனில்லை. ரப்பர் பசையில் நிறுத்தி, நாலு ஓரத்தையும் கையால் தைத்துவிட்டால்தான் நிலைக்கும். உரிக்க ஆரம்பிக்கும் முனைகளில் இரண்டு மூன்று தையல் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட வேண்டும். மற்ற இடங்களில் சும்மா ஓட்டினாலும் பரவாயில்லை.

இவற்றையெல்லாம்விட ராணுவக் கூடாரங்களின் பழைய கதவு முறையை நான் உயர்வாக மதிக்கிறேன். ஒரு பக்கத் துணியில் வரிசையாக ஐலெட். மறுபக்கத்தில் வரிசையாகக் கயிற்றுக் கண்ணிகள். கீழ்க்கண்ணியை எதிர் ஐலெட்டில் நுழைத்து மேலே தூக்கி, அதற்குள் அடுத்த கண்ணியை நுழைத்து, இப்படியே சங்கிலியாக ஏறிக் கடைசிக் கண்ணியை மட்டும் முடிச்சுப் போட்டால் கதவு மூடிக்கொள்ளும். அந்த ஒரு முடிச்சை அவிழ்த்தால் எல்லாம் சரசரவென்று கழன்றுவிடும். உடைய எதுவுமில்லை, மண் அடைக்க எதுவுமில்லை, கண்ணி அறுந்தால் புதுக்கயிறு கட்ட ஒரு நிமிடம். கனமான கதவுக்கு ஐலெட்டும் மரத்துண்டும்: விரல் நீளக் குச்சியின் நடுவில் கயிறு கட்டி, ஐலெட்டுக்குள் செங்குத்தாக நுழைத்து, குறுக்கே திருப்பிவிட்டால் பூட்டு.

கட்டுகிற கயிற்றிலும் ஒரு பாடம் நம் நெடுஞ்சாலையிலேயே ஓடுகிறது. சேலத்திலிருந்து ஆத்தூர் வழியாக உளுந்தூர்பேட்டை போகும் சாலையில் நிற்கிற நாமக்கல் லாரிகளைக் கவனித்தால், தார்ப்பாயின் கயிற்றை நேராக இழுத்து யாரும் முடிவதில்லை. கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி போட்டு, நுனியை லாரியின் கொக்கியில் சுற்றி மேலே கொண்டுவந்து அந்தக் கண்ணிக்குள் நுழைத்துக் கீழே இழுக்கிறார்கள். கப்பி போட்டு இழுப்பதற்குச் சமம். ஏட்டுக்கணக்கில் மூன்று மடங்கு விசை, உராய்வில் கொஞ்சம் போனாலும் லாபம் லாபமே. கூடாரத்தில் இதைச் செய்பவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அந்த மூன்று மடங்கும் ஐலெட்டின் மேல்தான் விழும். பருத்திக் கித்தான் நனைந்தால் சுருங்கவும் செய்யும். ஆகவே படுக்கப் போகுமுன் கயிற்றைச் சற்றுத் தளர்த்தி விடுவது நல்லது. கயிற்றுக்கும் ஐலெட்டுக்கும் நடுவே சைக்கிள் ட்யூபில் வெட்டிய ரப்பர் வளையம் ஒன்றை மாட்டினால் காற்றின் வெட்டி இழுப்பை அது வாங்கிக்கொள்ளும்.

குத்திய ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு வழி. பருத்தியில் தேன்மெழுகைத் தையல்மேல் தேய்த்து, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் காகிதம் வைத்து ஓட்டினால் மெழுகு இழைக்குள் இறங்கும். மெழுகு ஏறிய துணி தீயைச் சட்டென்று பிடிக்கும். அடுப்பைத் தள்ளி வைக்க வேண்டும். பாலியூரித்தேன் பூசிய நைலான் கூடாரத்துக்கு அதற்கென்று விற்கும் தையல் அடைப்புப் பசை பிடிக்கும். சிலிகான் பூசியதில் சிலிகான் பசை மட்டுமே ஒட்டும். பெட்டியில் எது என்று எழுதியிராவிட்டால் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துக் காயவிட்டு, நகத்தால் உரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கைவேலைக்கு எட்டாதவையும் உண்டு. கூரையின் நீண்ட தையல் முழுக்கப் பிரிந்தால், தரைத்துணியைப் புதிதாக இணைக்க வேண்டியிருந்தால், லாரித் தார்ப்பாய் தைக்கிறவரிடமே போக வேண்டும். அந்த நீளத்துக்கு ஒரே சீரான இழுப்பைக் கையால் கொண்டுவர முடியாது. கதவு ஜிப்பின் பல் உடைந்தாலும் முழு ஜிப்பையும் மாற்றத்தான் வேண்டும். பல் எல்லாம் சரியாக இருந்தும் பின்னால் பிரிந்துகொண்டே வருகிறது என்றால் தேய்ந்தது அதன்மேல் ஓடும் ஸ்லைடர் மட்டும்தான். ஸ்லைடரின் இரண்டு பக்க விளிம்பையும் குறடால் மெல்ல, சமமாக அழுத்திவிட்டால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும்.